பிரசவ வலி நடுவில் மந்தமானால்

வலி தணிந்துவிட்டால் நான் முதலில் கவனிப்பது சிறுநீர்ப்பையைத்தான். அது நிரம்பியிருந்தால் குழந்தையின் தலை இறங்க இடமிருக்காது. முட்டிக்கொண்டு வராவிட்டாலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை போய்விட வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்து, மல்லாந்து படுக்க வேண்டாம். முதுகுவலி கடுமையாக இருந்தால் குழந்தையின் பின்தலை தாயின் முதுகுப் பக்கம் திரும்பியிருக்கலாம். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, இடுப்பை மெல்ல ஆட்டியபடி நாலைந்து வலிகளைக் கடத்திப் பாருங்கள். களைத்துப் போனவரை நடக்க வற்புறுத்தாதீர்கள், பாவம்! ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, விளக்கைத் தணித்துக் கொஞ்சம் தூங்கட்டும்.

கருப்பைவாய் 5 செ.மீ. திறக்கும்வரை மெதுவாக நகர்வது இயல்பு. ஆனால் பனிக்குட நீர் பச்சையாக வந்தாலோ, இரத்தப்போக்கோ காய்ச்சலோ இருந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ உடனே மருத்துவரை அழையுங்கள்.