கொடைக்கானலின் பழைய கட்டடங்களை ஒரே நாளில் பார்ப்பது எப்படி?

டாக்ஸிக்காரர் நீட்டும் பட்டியலில் தூண் பாறை, குணா குகை, பைன் காடு எல்லாம் இருக்கும். ஊர் உருவான கதையைச் சொல்லும் கட்டடங்கள் பெரும்பாலும் இருக்காது. ஆனால் அவற்றில் முக்கியமானவை ஏரியிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. சொந்த வண்டியில் வருபவர்கள் இ-பாஸ் எடுத்துவிட்டு மலையேறுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் அது தேவையில்லை.

ஆண்டு வரிசைப்படி பார்க்க நினைத்தால் நாள் வீணாகும். மேகமூட்டத்தைப் பார்த்துத்தான் வரிசை போட வேண்டும். மதியத்துக்குமேல் மலைச்சரிவை மூட்டம் மூடிவிடுவது இங்கே வழக்கம். அதனால் காலையில் முதல் வேலை கோக்கர்ஸ் வாக். 1872-இல் லெப்டினன்ட் கோக்கர் சரிவின் விளிம்பில் அமைத்த இந்த நடைபாதை சுமார் ஒரு கிலோமீட்டர். வான் ஆலன் மருத்துவமனைப் பக்கம் தொடங்கினால், மறுமுனையில் புனித பேதுரு ஆலயத்தருகே வந்து சேரலாம்.

1884-இல் எழுந்த இந்தக் கற்கோயிலின் சிறப்பு அதன் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். வெளியே நின்று பார்த்தால் அவை கறுத்துத்தான் தெரியும். உள்ளே போய், வெயில் விழும் பக்கத்து ஜன்னலிலிருந்து தொடங்குங்கள். ஞாயிறு காலை வழிபாட்டு நேரம், அப்போது சுற்றிப் பார்க்கப் போக வேண்டாம். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று நிறுவிய கால்டுவெல் 1891-இல் காலமானது கொடைக்கானலில்தான். ஆனால் கல்லறையை இங்கே தேடாதீர்கள். அவரை அடக்கம் செய்தது திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில்.

அடுத்தது சலேத் மாதா கோயில். பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் 1860-களில் கட்டியது. ஆகஸ்ட் 14, 15 திருவிழா நாட்கள். கட்டடத்தை நிதானமாகப் பார்க்க விரும்புபவர்கள் அந்த இரண்டு நாட்களைத் தவிருங்கள்.

இனி ஏரி. இதற்கு நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள், ஏனென்றால் ஊரிலேயே பெரிய வரலாற்றுக் கட்டுமானம் இதுதான். பலர் இதை இயற்கை ஏரி என்றே நினைக்கிறார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைகளை மறித்துக் கரை போட்டு உண்டாக்கியது இது. பரப்பு சுமார் 60 ஏக்கர். ஓடைகளை மறித்ததுதான் நட்சத்திர வடிவத்துக்கும் காரணம்: ஒவ்வொரு கையும் நீரில் மூழ்கிய ஒரு பள்ளம். சுற்றுப்பாதை 5 கிலோமீட்டர், நின்று பார்த்து நடந்தால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். குதிரைக்காரர்களும் வாடகை சைக்கிள்களும் பெருகுவதற்குள் சுற்றிவிடுங்கள்.

நடக்கும்போது கரையோர பங்களாக்களைக் கவனியுங்கள். செதுக்கிய கருங்கல் சுவர், சரிவான தகரக் கூரை, மேலே புகைபோக்கி மூன்றும் சேர்ந்திருந்தால் வீடு பெரும்பாலும் பழையது. புகைபோக்கியைச் சிமெண்டால் அடைத்திருந்தால் குளிர்காயும் அடுப்பு கைவிடப்பட்டது என்று பொருள். இவை தனியார் வீடுகள், வாசலோடு நின்றுகொள்ளுங்கள். சமவெளி நோய்களுக்குக் குடும்பங்களைப் பறிகொடுத்த மதுரை அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் கட்டிய சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு வீடுகள்தான் இந்த மலைவாசத்தின் தொடக்கம். அப்போது மோட்டார் சாலை கிடையாது. நடந்தோ, குதிரையிலோ, கூலியாட்கள் தூக்கிய நாற்காலியிலோதான் ஏறி வர வேண்டும். ஏழு ரோடு சந்திப்பருகே உள்ள சர்வதேசப் பள்ளியும் (1901) அந்த மிஷனரிகளின் வழிவந்ததே. அது இயங்கும் பள்ளி, அனுமதியில்லாமல் நுழைய முடியாது.

சூரிய ஆய்வகத்துக்கு ஏற்றம் அதிகம், டாக்ஸி பிடியுங்கள். 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டா என்று ஆராயும் தேவை எழுந்தது. 1899-இல் சென்னை வானாய்வகப் பணி இங்கே இடம்பெயர்ந்தது. சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுவதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டது இங்கேதான். பார்வை நேரம் மாறக்கூடியது, முந்தைய நாளே விசாரியுங்கள்.

மாலையில் குறிஞ்சி ஆண்டவர் கோயில். 1936-இல் இதைக் கட்டியவர் லீலாவதி. ஆஸ்திரேலியாவில் பிறந்து, இலங்கைத் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். இங்கிருந்து பழனி மலை தெரிய வேண்டுமென்றால் மட்டும் மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியை (1895) ஊர் திரும்பும்போது பாருங்கள். வத்தலக்குண்டு சாலையில் இறங்கும் வழியில்தான் இருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாள் உண்டா என்று கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.