பழைய துணியில் போர்வை தைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய புடவைகளையும் வேட்டிகளையும் வெட்டி ஒட்டுப்போர்வை தைத்தால் துணிச் செலவு மிச்சமாகும் என்பது உண்மையே. ஆனால் தைப்பவரின் உழைப்பு பழைய துணிக்கும் புதிய துணிக்கும் ஒன்றுதான். பல வாரங்கள் மாலைதோறும் உட்கார்ந்து தைத்த போர்வை இரண்டாம் சலவையிலேயே கிழிந்துபோனால், மிச்சம்பிடித்த பணத்தைவிடப் பெரியதை இழந்துவிடுகிறோம். எனவே, வீட்டில் கிடக்கும் துணி எல்லாம் பயன்படும் என்று எண்ணுவதையே முதல் தவறாகக் கருதுகிறேன்.

புடவை எல்லா இடத்திலும் ஒரே அளவில் நைந்துபோவதில்லை. இடுப்பில் செருகும் பகுதியும், உட்காரும்போது அழுந்தும் பகுதியும், குதிகாலில் உரசும் கீழ்விளிம்பும்தான் முதலில் வலுவிழக்கின்றன. ஆகையால் புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, இழை மெலிந்து ஒளி அதிகமாக ஊடுருவும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, மற்ற இடங்களில் இரு கட்டைவிரல்களாலும் பாவு (நீள இழை) வாக்கிலும் ஊடை (குறுக்கு இழை) வாக்கிலும் இழுத்துப் பார்த்த பிறகே கத்தரியை எடுக்க வேண்டும். இலேசாக இழுத்ததும் விட்டுப்போகும் துணி கைப்பிடித் துணிக்குத்தான் ஆகும். பழைய பட்டில் கூடுதல் கவனம் தேவை. பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்த மடிப்பு வரியிலேயே முறிந்துவிடும். மேலும், அதில் இருப்பது வெள்ளிச் சரிகையா என்று தெரிந்துகொள்ளாமல் வெட்டவே கூடாது. பழைய பட்டுப் புடவைகளைச் சரிகைக்காகவே விலைகொடுத்து வாங்குகிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்தப் பணத்தில் நல்ல பருத்தித் துணியே வாங்கிவிடலாம்.

இழையின் வகையைப் பாராமல் கலப்பது அடுத்த தவறு. பருத்தியோடு பாலியெஸ்டரைச் சேர்த்துத் தைத்தால், பருத்திக்கு ஏற்ற சூட்டில் இஸ்திரி போடும்போது பாலியெஸ்டர் சுருங்கவோ உருகவோ செய்யும். ஐயமிருந்தால் ஓரத்திலிருந்து இரண்டு இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டிப் பாருங்கள்: பருத்தி, காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாகத் திரளும். திருப்பூர் பனியன் துண்டுகள் எடைக்கு மலிவாகக் கிடைக்கின்றன என்பதற்காக அவற்றைச் சேலைத் துண்டுகளோடு இணைப்பதும் சரியன்று. பின்னல் துணி இழுபடும், நெய்த துணி இழுபடாது. போர்வை ஆங்காங்கே சுருங்கிப் புடைத்து நிற்கும். பனியன் துணியைத் தனியாகச் சேர்த்துக் கால்மிதி செய்யலாம்.

சாயம் போகும் துணியை ஒருமுறை உப்புநீரில் ஊறவைத்தால் போதும் என்ற நம்பிக்கையும் விலகவில்லை. ஏற்கெனவே தளர்ந்த சாயத்தை உப்பு பிடித்து நிறுத்திவிடாது. ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து இஸ்திரி போட்டு, நிறம் ஏறுகிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி.

எந்தத் துண்டையும் வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம் சில வேளைகளில் நேர்மாறாக முடிகிறது. சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்குப் போகும் என்று கொண்டால், 4 அங்குலச் சதுரத்தில் ஏறக்குறைய 23 விழுக்காடு துணி உள்ளே மறைகிறது. 2 அங்குலச் சதுரத்திலோ ஏறக்குறைய 44 விழுக்காடு மறைகிறது. நூலும் நேரமும் பன்மடங்காகின்றன. கைக்குட்டையில் பாதிகூட இல்லாத துண்டுகளைத் தலையணைக்குள் அடைத்துவிடுவதே சிக்கனம்.

போர்வையின் உள்ளே உதிரிப் பஞ்சை நிரப்பி, தையல் வரிகளுக்கிடையே அதிக இடைவெளி விட்டுத் தைத்தால், துவைத்ததும் அது மூலைகளில் திரண்டுவிடும். வங்காளத்துக் காந்தா வேலையில் நைந்த சேலைகளையே பல அடுக்காக விரித்து நெருக்கமான ஓட்டுத் தையல் போடுகிறார்கள். கனத்த குளிர் இல்லாத நம் ஊருக்கு அந்த முறை மிகவும் பொருந்தும். தனியாகப் பஞ்சு வாங்கும் செலவும் இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: மேலும் கீழும் வரும் துணி வலுவுள்ளதாக இருந்தால்தான் நடுவில் நைந்தது நிற்கும்.

ஊசியிலும் நூலிலும் மிச்சம்பிடிக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். மழுங்கிய ஊசி பழைய துணியின் இழைகளை விலக்காமல் அறுத்துவிடும்; தையல் இயந்திரத்தில் பல அடுக்குகளைத் தைக்க 16ஆம் எண் ஊசி வேண்டும். பெட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த நூல்கண்டை ஒரு முழம் இழுத்துப் பார்த்து, சட்டென்று அறுந்தால் பிறகு பிரித்துவிடப் போகும் தற்காலிகத் தையலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பொத்தான், கொக்கி, உலோக ஜிப் ஆகியவற்றைப் பிளேடால் தையல் பிரித்து எடுத்து மீண்டும் பயன்படுத்துவதில் தடையில்லை. எலாஸ்டிக்கை மட்டும் புதிதாக வாங்குங்கள். பழையது பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளிருக்கும் ரப்பர் இழை இறுகியோ தளர்ந்தோ போயிருக்கும்.