இண்டி கேமின் கடினத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனியொருவரோ சிறு குழுவோ உருவாக்கிய கேமை விளையாடிவிட்டு, ‘ரொம்பக் கஷ்டம்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வதுதான் முதல் தவறு. எதிரியின் தாக்குதல் மிக வேகமாக இருந்ததா, தாக்குதல் வரப்போவதற்கான அறிகுறி கண்ணில் படவில்லையா, தோற்ற பின் அதே இடத்துக்குத் திரும்பி வருவதற்குள் பொறுமை போய்விட்டதா என்பதை அந்த இரண்டு சொற்களிலிருந்து டெவலப்பரால் ஊகிக்க முடியாது. மூன்றும் வெவ்வேறு குறைகள்; ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைத் தீர்க்காது.

குறிப்பாக, தோல்விக்குக் கொடுக்கும் விலையைச் சண்டையின் கடினத்தோடு பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டைச் சேர்ந்த டீம் செர்ரி, 2025 செப்டம்பரில் வெளியிட்ட ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ கேமில் இது நன்றாகத் தெரிந்தது. தொடக்கத்தில் உயிரின் அளவைக் காட்டும் முகமூடிகள் ஐந்துதான். ஒரே அடியில் இரண்டைப் பறிக்கும் எதிரிகளோ ஏராளம். போதாக்குறைக்கு, சில இடங்களில் தோற்றபின் மீண்டும் தொடங்கும் இடமான பெஞ்சிலிருந்து பாஸ் எனப்படும் பெரிய எதிரி வரை ஒவ்வொரு முறையும் நெடுந்தூரம் ஓட வேண்டும். இவை அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘நியாயமே இல்லாத கேம்’ என்று வீசுவதில் கோபம் தணியலாம், வேறு பயன் இல்லை. சில நாட்களுக்குள் அறிவிக்கப்பட்ட முதல் பேட்சில், அதாவது திருத்தப் பதிப்பில், என்ன மாறியது என்று பாருங்கள்: மூர்விங், சிஸ்டர் ஸ்பிளின்டர் என்ற இரு பாஸ்களின் கடினம் சற்றுக் குறைந்தது, சாண்ட்கார்வர் என்ற எதிரிகளின் அடி தளர்ந்தது, நடுப்பகுதியில் சில பெஞ்சுகளைத் திறப்பதற்கு ரோசரி என்ற கேம் நாணயத்தில் கொடுக்கும் விலை இறங்கியது. டெவலப்பரின் கையில் இருப்பவை இத்தகைய சிறு திருகுகளே என்பதால், கருத்தும் அந்த அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும்.

குறையைச் சொல்லாமல் தீர்வை மட்டும் கட்டளையிடுவது அடுத்த தவறு. ‘அந்த மேடையை அகலமாக்குங்கள்’ என்பவர், உண்மையில் விளிம்பில் பட்டனை அழுத்தியும் குதிக்க முடியாமல் விழுந்தவராக இருக்கலாம். 2018இல் வெளியான ‘செலெஸ்ட்’ கேமில், விளிம்பைத் தாண்டிய பிறகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நொடிப்பகுதி வரை குதிக்க இடம் தருகிறார்கள். மேடையின் அகலத்தைத் தொடாமலேயே அந்தக் குறை தீர்ந்துவிடுகிறது. ஆகவே, என்ன செய்ய நினைத்தீர்கள், எந்தப் பட்டனை அழுத்தினீர்கள், திரையில் என்ன நடந்தது என்று வரிசையாக எழுதினாலே போதும். தீர்வையும் சொல்லத் தோன்றினால் அதற்குப் பிறகு சொல்லலாம்.

கேமின் பதிப்பு எண், கீபோர்டா கண்ட்ரோலரா, இந்த வகைக் கேம்களில் முன்பழக்கம் உண்டா என்பவற்றை விட்டுவிட்டால், நல்ல குறிப்புகூடப் பாதி பயன்தான் தரும்.

எளிய வழியைக் கேட்பவரை ‘விளையாடத் தெரியாதவர்’ என்று ஏளனம் செய்வது கருத்தே அல்ல. ‘ஹேடிஸ்’ கேமில் விரும்பினால் இயக்கிக்கொள்ளும் எளிய வழியான ‘காட் மோட்’, ஆட்டக்காரருக்கு விழும் சேதத்தை முதலில் 20 சதவீதம் குறைத்து, ஒவ்வொரு மரணத்துக்கும் அந்தக் குறைப்பில் 2 சதவீதம் கூட்டி, 80 சதவீதம் வரை செல்கிறது. அதை இயக்காதவரின் ஆட்டத்தில் எதுவும் குறைவதில்லை. மறுபக்கம், ‘ஒன்றையும் குறைக்காதீர்கள்’ என்று மட்டும் எழுதும் தேர்ந்த ஆட்டக்காரரின் கருத்தும் அதே அளவு வெறுமையானது. எந்தச் சண்டையில் எந்தத் தாக்குதலைக் கற்றுக்கொண்டபோது மகிழ்ந்தார் என்று அவர் எழுதினால்தான், அடுத்த பேட்சில் எதைத் தொடக்கூடாது என்பது டெவலப்பருக்குத் தெரியும்.