கண்மாயில் படகு இறக்கும் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து கண்மாய்கள் நிறைந்ததும் மதுரையைச் சுற்றி ஒரு நல்ல காரியம் தொடங்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இளைஞர்கள் ரப்பர் படகோ ஃபைபர் படகோ கொண்டுவந்து இறக்கி, ஆகாயத்தாமரையை இழுக்கிறார்கள், பாட்டில்களையும் பாலித்தீனையும் அள்ளுகிறார்கள். வெள்ளக் காலத்தில் இதே பிள்ளைகள்தான் தெருவுக்குள் தண்ணீர் புகுந்த வீடுகளுக்குப் படகோடு போய் நிற்கிறார்கள். இவர்களுக்கு ஊர் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். இந்த வேலையில் ஆர்வத்துக்குக் குறைவே கிடையாது. தண்ணீரைப் பற்றிய விவரம்தான் பல நேரம் குறைகிறது. படகு இறங்குவதற்கு முன்பே பாதித் தவறு நடந்து முடிந்துவிடுகிறது.

கேட்காமல் இறங்குவது

கண்மாய் ஆளில்லாத இடம்போலத் தெரியும். ஆனால் ஒவ்வொரு கண்மாய்க்கும் பொறுப்பாளர் உண்டு. பெரிய கண்மாய்கள் பொதுவாக நீர்வளத் துறையிடமும், சின்னவை ஊராட்சி ஒன்றியத்திடமும், நகரத்துக்குள் இருப்பவற்றில் சில மாநகராட்சியிடமும் இருக்கும். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் போன்றவை கோயிலைச் சேர்ந்தவை. எழுத்தில் அனுமதி வாங்காமல் படகு இறக்கி, நடுவில் ஒரு விபத்து நடந்தால், உதவி செய்ய வந்தவர்கள்மீதே வழக்கு வரும்.

அனுமதிக் கடிதம் கையில் இருந்தாலும் இன்னும் இரண்டு பேரைப் பார்த்தே ஆக வேண்டும். ஒருவர் மீன் குத்தகை எடுத்தவர். அவர் கட்டியிருக்கும் வலையைக் குப்பை என்று நினைத்து அறுத்துப்போட்டால் அவருக்கு நஷ்டம். அடுத்த வாரம் கரையிலேயே சண்டை. வலை எங்கெங்கே கிடக்கிறது என்று முதல் நாளே கேட்டுவிட்டால், கைவிடப்பட்ட பழைய நைலான் வலைகளை எடுக்க அவரே கூட வருவார்.

இன்னொருவர் ஊரில் மடை திறந்து அடைக்கிற பெரியவர். தண்ணீருக்குள் என்ன கிடக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். "தம்பி, அந்த ஓரம் போகாதீங்க, பழைய கெணறு கெடக்கு" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு எந்த வரைபடமும் ஈடாகாது. கோடையில் வண்டலும் கிராவலும் அள்ளிய பள்ளங்கள் நீருக்குள் மறைந்திருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடுவார். வெட்டிவிட்ட சீமைக்கருவேல அடிக்கட்டைகள் மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே முள்ளோடு நிற்கும். ரப்பர் படகின் அடியைக் கிழிக்க ஒரு முள் போதும். மடை திறந்திருக்கும்போது அதன் அருகே போனால் உள்ளே இழுக்கும் விசை மேலே ஒன்றும் காட்டாது. கண்மாய் நிரம்பி மிஞ்சிய நீர் வெளியேறும் கலுங்கு வழிந்துகொண்டிருந்தால் அந்தப் பக்கமே படகு போகக் கூடாது. பள்ளம், கட்டை, மடை, கலுங்கு ஆகிய இந்த நான்கையும் அவரிடம் கேட்டு, நீண்ட மூங்கிலில் கொடி கட்டி நட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

ஆகாயத்தாமரையில் நடக்கும் தவறுகள்

அதிக உழைப்பு வீணாகும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அமேசான் பகுதியிலிருந்து உலகமெங்கும் பரவிய செடி இது. தாய்ச்செடியிலிருந்து கொடிபோல் ஒரு தண்டு கிளம்பி, அதன் நுனியில் குட்டிச்செடி உருவாகும். அந்தக் குட்டி தனியே பிரிந்து அடுத்ததைப் போடும். வெயிலும் சாக்கடைச் சத்தும் கிடைத்தால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பரப்பு இரட்டிப்பாகிவிடும். உதிர்ந்த விதைகள் சேற்றுக்குள் 15, 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால், அரிவாளால் தண்ணீரிலேயே கொத்திப்போடுவது எவ்வளவு பெரிய தவறு என்று புரியும். வெறும் இலை முளைக்காது. ஆனால் குருத்தோடு கூடிய துண்டு ஒவ்வொன்றும் புதுச்செடியாகும். செடியை முழுசாக, வேரோடு எடுக்க வேண்டும்.

அடுத்த தவறு, காற்றைப் பார்க்காமல் இழுப்பது. மேல்காற்று வீசும் ஆனி, ஆடியில் செடி முழுக்கக் கிழக்கே ஒதுங்கும். வாடை அடிக்கும்போது தெற்கும் மேற்குமாக நகரும். காற்றுக்கு எதிரே நான்கு பேர் மூச்சு முட்ட இழுப்பதைக் காட்டிலும், மூங்கில்களைக் கயிற்றால் கோத்து மிதவை வேலிபோல் வளைத்து, காற்று தள்ளும் மூலையில் சேர்த்து, அங்கே கரையிலிருந்து அள்ளுவதுதான் நடக்கிற காரியம். அடர்ந்து வளர்ந்த இடத்தில் ஒரு சதுர மீட்டரிலேயே 20 கிலோவுக்கு மேல் பச்சைச் செடி இருக்கும். அதைப் படகுக்குள் அள்ளிப் போடுவது ஆபத்து. படகின் விளிம்பு தண்ணீர்மட்டத்துக்கு இறங்கிவிடும். படகு தள்ளவும் இழுக்கவும் மட்டும்தான். சுமப்பது டிராக்டரின் வேலை.

அள்ளியதை எங்கே போடுவது? பெரும்பாலான இடங்களில் கரையின் உட்சரிவிலேயே குவித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஒரு மழை பெய்தால் பாதி மறுபடி உள்ளே போகும். மீதி அழுகி, சாறாக வடிந்து, அடுத்த செடிக்கு உரமாகும். ஈரக் குவியலில் எலி சேரும், எலியைத் தேடி விரியன் வரும். கரையைத் தாண்டி வெளியே, நீர் திரும்பி வராத இடத்தில் மெல்லிய படுக்கையாகப் பரப்பிக் காயவிட வேண்டும். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் காய்ந்ததும் குவியல் சுருங்கிவிடும். மட்க வைக்கலாம். ஆனால் சாக்கடை கலக்கும் கண்மாயில் வளர்ந்த செடி ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும். அதை மாட்டுக்குப் போடுவதும், பரிசோதிக்காமல் காய்கறித் தோட்டத்துக்கு உரமாக்குவதும் கூடாது.

ஒருபோதும் செய்யக் கூடாத இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று, களைக்கொல்லி அடிப்பது. செத்த செடி மொத்தமும் அடியில் போய் அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து, மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். இரண்டாவது, கலுங்கு வழியாகத் தள்ளிவிடுவது. நம் கண்மாய்கள் சங்கிலியாக அமைந்தவை. இந்தக் கண்மாயின் மறுகால், அதாவது வழிந்து வெளியேறும் நீர், அடுத்த கண்மாயின் வரத்து. இங்கே தள்ளிவிட்டது அங்கே போய் முளைக்கும். இதே காரணத்தால் படகு, கயிறு, வலை மூன்றையும் கரையிலேயே கழுவி, ஒட்டியிருக்கும் வேர்த்துணுக்குகளை எடுத்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். சுத்தம் செய்யும் படகே விதை சுமந்துபோவதைப் பலர் யோசிப்பதேயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செடிகளுக்கு நடுவில் அழுகிய பாசிக் குவியல்போல ஒன்று மிதக்கும். கையைப் போட்டு இழுக்கும் முன் நின்று பாருங்கள். அது முக்குளிப்பானின் கூடாக இருக்கலாம். தாய்ப்பறவை கூட்டைவிட்டு இறங்கும்போது முட்டைகளை ஈரப்பாசியால் மூடிவிட்டுத்தான் போகும். அதனால் மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் குப்பை. கூடு தெரிந்தால் சுற்றிலும் கொஞ்சம் செடியை விட்டுவைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு, வரத்துக்காலில் வரும் சாக்கடையை நிறுத்தாவிட்டால் செடி திரும்ப வரும். செல்லூர், வண்டியூர் போன்ற நகரத்துக் கண்மாய்களின் நோய் அதுதான். எந்த வாய்க்காலில், எந்த இடத்தில் கழிவுநீர் கலக்கிறது என்று படகிலும் கரையிலும் போய்ப் பார்த்து, இடத்தோடு குறித்து, பொறுப்பான அலுவலகத்துக்கு மனுவாகக் கொடுப்பதும் சுத்தம் செய்யும் வேலையில் சேர்த்திதான். அள்ளுவதைக் காட்டிலும் அதற்குத்தான் பலன் அதிகம் என்பது என் கருத்து.

லைஃப் ஜாக்கெட்டும் படகின் பாரமும்

நீச்சல் தெரியும் என்பதால் ஜாக்கெட் போடாதவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஆகாயத்தாமரையின் வேர்ப்பின்னலுக்குள் விழுந்தால் நீச்சல் உதவாது. கை வீச இடமிருக்காது. ஜாக்கெட்டைப் படகில் வைத்திருப்பதும் போட்டிருப்பதும் ஒன்றல்ல. போட்டுக்கொண்டாலும் பக்கிள்களை மாட்டாமல் சட்டைபோல் தொங்கவிடுகிறார்கள். மாட்டியபின் இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். முகவாயைத் தாண்டி ஏறினால் அது தளர்வு, தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும். ஜாக்கெட்டில் எழுதியிருக்கும் உடல் எடை நமக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதை மடித்துப் போட்டு உட்காரும் வழக்கத்தால் உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கி மிதக்கும் திறன் போய்விடும்.

பாரத்தைப் பற்றி நமக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. வைகைக்குத் தண்ணீர் தரும் அதே பெரியாறு நீர்த்தேக்கத்தில், தேக்கடியில், 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் அளவுக்கு மீறி ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். பெரிய படகுகளுக்கே இந்த நிலை என்றால் நம் சின்னப் படகில் இரண்டு பேர் ஒரே பக்கம் குனிந்து ஒரு செடித்திட்டை இழுத்தால் போதும். ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். பரிசலில் எழுந்து நிற்கவே கூடாது. செல்ஃபிக்கு எழுந்து நிற்பதும் இதில் அடக்கம்.

வைகையில் இறங்கும்போது

கண்மாய் நின்ற தண்ணீர், வைகை ஓடுகிற தண்ணீர். இந்த வேறுபாட்டை மறந்து அதே படகோடு ஆற்றுக்குப் போவது பெரிய தவறு.

வைகை அணையில் தேக்கும் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை விடுவார்கள். முதல் எச்சரிக்கை வந்த அன்றே ஆற்றுக்குள் சுத்தம் செய்யும் வேலையை நிறுத்திவிட வேண்டும். அணை மட்டம் குறைவாக இருக்கிறதே என்று தைரியமாக இருப்பதும் தவறு. மஞ்சளாறு, மருதாநதித் தண்ணீர் அணைக்குக் கீழேதான் வைகையோடு சேர்கிறது. கொடைக்கானல் மலையில் பெய்த மழை, அணை திறக்காமலே நம்மை வந்து தொடும்.

நகருக்குள் ஏ.வி. பாலம், ஓபுளா படித்துறை அருகே இருக்கும் தடுப்பணைகள் பார்வைக்குச் சாதுவானவை. வெள்ளத்தில் அவற்றைத் தாண்டி விழும் நீர் அடியில் போய்ச் சுருண்டு, மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்பி வரும். அதில் சிக்கிய படகோ ஆளோ வெளியே வரமுடியாமல் அங்கேயே உருண்டுகொண்டிருக்கும். தடுப்பணைக்கு மேலேயும் கீழேயும் படகைக் கொண்டுபோகாதீர்கள். தீயணைப்பு மீட்புப் பணிகள் துறைக்கு அதற்கான பயிற்சி இருக்கிறது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கும்போது நம் ஆட்கள் படகைவிட, கயிறும் விசிலும் கொண்டு பள்ளங்களின் ஓரம் நிற்பதே நல்லது. கூட்டத்துக்கு நடுவே படகு வந்தால் அதைப் பிடித்து ஏற நூறு கைகள் நீளும்.

மூழ்குகிறவரைக் கண்டால்

உடனே குதிப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போன செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். மூழ்குகிறவர் கைக்குக் கிடைத்ததைக் கட்டிப்பிடித்து அதன்மேல் ஏறத்தான் பார்ப்பார். முதலில் துடுப்பையோ கம்பையோ வேட்டியையோ நீட்டுங்கள். எட்டாவிட்டால் கயிற்றில் கட்டிய காலிக் கேனை எறியுங்கள். அதுவும் முடியாதபோதுதான் படகு. அதையும் அவருக்குப் பக்கவாட்டில் கொண்டுபோனால் அவர் பிடித்துத் தொங்கும்போது கவிழும். படகின் முனையோ பின்புறமோ அவர் பக்கம் இருக்கட்டும். மோட்டார் படகென்றால் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். இதற்கிடையே ஒருவர் 112 அல்லது 101-ஐ அழைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கரையேற்றியபின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது இரண்டையும் விட்டொழிக்க வேண்டும். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகும். மூச்சு நின்றிருந்தால் மல்லாக்கப் படுக்கவைத்து, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, மார்பின் நடுவே 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறிமாறிச் செய்துகொண்டே இருக்க வேண்டும். அழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை. மூழ்கியவருக்கு மூச்சுக் காற்றுதான் முதலில் தேவை. எழுந்து உட்கார்ந்து பேசினாலும் 108-ல் மருத்துவமனைக்கு அனுப்பியே தீர வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். குழுவில் ஒருவர்கூட இந்த முதலுதவியைக் கையால் செய்து பழகவில்லை என்றால் அன்று படகு இறக்க வேண்டாம்.

காவல் வேலையில்

இரவில் செப்டிக் டேங்க் லாரி வாய்க்காலில் கழிவைத் திறந்துவிடுவதையோ, மணல் அள்ளுவதையோ, மீனுக்கு வெடி போடுவதையோ படகிலிருந்து பார்க்க நேரலாம். நேரே போய் மறிக்காதீர்கள். இடம், நேரம், வண்டி எண் மூன்றையும் குறித்துக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். உயிரற்ற உடல் மிதந்தால் கயிறு கட்டி இழுத்துவராமல், இடத்தை அடையாளம் வைத்துவிட்டு 112-ஐ அழையுங்கள். அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவது அந்தக் குடும்பத்துக்குச் செய்கிற கொடுமை.

வீட்டுக்குப் போனபின்

கரையில் உடைந்த மது பாட்டில்களும், சில இடங்களில் ஊசிகளும் கிடக்கும். கனமான கையுறையும் மூடிய காலணியும் இல்லாமல் யாரையும் இறக்கக் கூடாது. ஊசி, மருந்துக் குப்பிகளைக் கையால் எடுக்காமல் இடுக்கியால் தனிப் பெட்டியில் போட்டு மாநகராட்சி ஊழியர்களிடம் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

உடலில் வெட்டுக்காயம் இருக்கிறவர் அன்று கரை வேலை பார்க்கட்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டு எலிக்காய்ச்சல் வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று தொடங்கும். அதற்குள் கண்மாயில் இறங்கியதே மறந்துபோயிருக்கும். மருத்துவரிடம் போகும்போது அதை முதலிலேயே சொல்லுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட கை காலை அசைக்காமல் நேராக அரசு இராசாசி மருத்துவமனைக்கோ, விஷமுறிவு மருந்து இருக்கும் பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள்.