பெட்டியில் ஒரு பெயர், உள்ளே வேறு சரக்கு: கேம் வாங்கும்போது ஏமாறும் இடங்கள்

போன தீபாவளிக்குச் சித்தப்பா மகன் ஒரு லேப்டாப் வாங்கினான். ஃபோன் போட்டு, "அண்ணா, ஆர்டிஎக்ஸ் 4070! உங்க டெஸ்க்டாப்ல இருக்கிற அதே கார்டு" என்றான். திரையில் கேம் காட்சியை வரைகிற என்விடியா நிறுவனத்தின் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் சொன்னான். ஊருக்கு வந்தபோது என் மேசையில் அவன் லேப்டாப்பையும் வைத்து, இரண்டிலும் ஒரே கேமை ஒரே செட்டிங்கில் ஓட்டிப் பார்த்தோம். பத்து நிமிஷத்தில் அவன் முகம் தொங்கிவிட்டது. என் திரையில் வழுக்கிக்கொண்டு போன தெருக்காட்சி, அவன் திரையில் திக்கித் திக்கிப் போனது.

விற்றவர் பொய் சொல்லவில்லை. பெயர் ஒன்றுதான், சரக்குதான் வேறு. டெஸ்க்டாப் 4070-இல் 12 ஜிபி வீடியோ மெமரி, காட்சிக்கான கணக்கைப் போடும் கோர்கள் 5,888. லேப்டாப் 4070-இல் 8 ஜிபி, 4,608 கோர்கள். அதுவும் போக, லேப்டாப் கார்டுக்கு எத்தனை வாட் மின்சாரம் விடுவது என்பது லேப்டாப் செய்கிற நிறுவனத்தின் கையில் இருக்கிறது. லேப்டாப் 4060-க்கு என்விடியா வைத்திருக்கும் வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை! ஒல்லி லேப்டாப்பில் இருக்கும் 4060, தடி லேப்டாப்பில் இருக்கும் 4060-யிடம் தோற்றுப்போவது இதனால்தான். இந்த வாட் கணக்குக்குப் பெயர் டிஜிபி. கடையில் "டிஜிபி எத்தனை வாட்?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள். அங்கேயும் போடவில்லை என்றால், சொல்லிக்கொள்ளும்படி இல்லாததால்தான் போடவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

டெஸ்க்டாப் கார்டுகளிலும் இதே கூத்து உண்டு. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-ஐ 6 ஜிபி, 3 ஜிபி என்று இரண்டு விதமாக விற்றார்கள். மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்து வாங்கியவர்களுக்கு 1,280 கோருக்குப் பதில் 1,152 கோர்தான் கிடைத்தது. 2022-இல் 4080 என்ற பெயரில் 12 ஜிபி கார்டு ஒன்றை அறிவித்தார்கள். அது உண்மையான 4080-ஐவிட ரொம்பக் கீழே என்று ஆளாளுக்குக் கத்தியதும் வாபஸ் வாங்கி, 2023 ஜனவரியில் அதையே 4070 டிஐ என்று பெயர் மாற்றிக் கொண்டுவந்தார்கள். 2025-இல் வந்த 5060 டிஐ-யிலும் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு. சிப் ஒன்றுதான் என்றாலும் 8 ஜிபி கார்டை இன்றைக்குப் புதிதாக வாங்குவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மெமரி நிரம்பிவிட்டால் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) நன்றாகத்தான் தெரியும், ஆனால் திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு வெட்டு வெட்டும். சில கேம்கள் சுவர், முகம் எல்லாவற்றையும் மங்கலாகக் காட்டிச் சமாளிக்கும்.

நானும் ஒன்றும் புத்திசாலி இல்லை. முதல் பிசியை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் அசெம்பிள் செய்தபோது, கேபினட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போதும் என்றார்கள். மேலே பெரிதாக 500 வாட் என்று ஸ்டிக்கர். கேமில் கூட்டமான காட்சி வந்தாலே பிசி அணைந்து திரும்ப எழும். ராமைக் கழற்றித் துடைத்தேன், விண்டோஸை இரண்டு முறை மாற்றிப் போட்டேன், கார்டைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் டார்ச் அடித்து எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு லேபிளைப் படித்தால், 12 வோல்ட் வரிசைக்கு நேரே 18 ஆம்ப் என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். கார்டும் பிராசசரும் பெரும்பாலும் குடிப்பது இந்த 12 வோல்ட்டைத்தான். மிச்ச 284 வாட் ஸ்டிக்கரில் மட்டும் இருந்தது. அன்றிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துத் திருப்பி அந்த ஒரு வரியைப் படிக்காமல் காசு கொடுப்பதில்லை.

காசே செலவில்லாத தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். மானிட்டர் கேபிளைக் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகுவது. நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு விண்டோஸ் செட்டிங்கில் 60-இலேயே விட்டுவைப்பது. 6000 வேக டிடிஆர்5 ராமை வாங்கி, பயாஸில் (பிசியின் அடிப்படை செட்டிங்) ராம் வேகத்துக்கான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவைப் போடாமல் 4800-இல் ஓட்டுவது. சிரிக்காதீர்கள், இப்போதே போய் உங்கள் பிசியில் பார்த்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, ஆன்லைன் கேம் கடைகளில் இருக்கும் 'வாங்கு' என்ற பொத்தான். பெயருக்கும் சரக்குக்கும் இருக்கும் தூரம் இங்கேதான் மிக அதிகம். யூபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' 2014-இல் வந்த கார் பந்தய கேம். 2024 மார்ச் 31-இல் சர்வரை மூடினார்கள். தனியாக ஓட்டவும் சர்வர் வேண்டும் என்று கட்டியிருந்ததால், அலமாரியில் டிஸ்க் வைத்திருந்தவருக்கும் கேம் போயே போய்விட்டது. அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கம். நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் 2025 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்பே, பிசி கேம் விற்கும் ஸ்டீம் கடை தன் கார்ட் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது. தனியாக விளையாடும் கேம், இன்ஸ்டாலரையே கையில் கொடுக்கும் ஜிஓஜி கடையில் கிடைத்தால் நான் அங்கேதான் வாங்குவேன். இன்ஸ்டாலரை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவைத்தால் நாளைக்கு யார் கடையை மூடினாலும் கவலை இல்லை.

டிஸ்க், கார்ட்ரிட்ஜ் என்றால் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கையும் முழுசாகச் சரியில்லை. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு வரும் 'கேம்-கீ கார்டு'களில் கேமே இருக்காது. கார்டைச் சொருகினால் நெட்டிலிருந்து மொத்தத்தையும் இறக்க வேண்டும், விளையாடும்போது கார்டும் உள்ளே இருக்க வேண்டும். அட்டையின் கீழ்ப்பக்கம் அதை எழுதியிருப்பார்கள், படித்துவிட்டு எடுங்கள். சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு இல்லை என்பதால், அமெரிக்காவிலிருந்து அத்தை வாங்கிவரும் டிஸ்க் இங்கே ஓடும். ஆனால் உங்கள் இந்தியக் கணக்கில் வாங்கும் டிஎல்சி (கேமுக்கான கூடுதல் பகுதி) அந்த டிஸ்க்கோடு ஒட்டாது.

ரீஃபண்ட் என்ற சொல்லும் கடைக்குக் கடை மாறும். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்ப வரும். பிளேஸ்டேஷன் ஸ்டோரிலும் 14 நாள்தான், ஆனால் டவுன்லோடைத் தொடங்கியிருக்கக் கூடாது. ஸ்டீமில் பழகியவர்கள் இங்கே இறக்கிப் பார்த்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். டிஜிட்டல் கேமுக்கு முன்பதிவு எதற்கு என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஸ்டாக் தீரவா போகிறது? 2020 டிசம்பர் 10-இல் சைபர்பங்க் 2077 வந்தது. பழைய பிஎஸ்4-இல் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, எட்டாவது நாளே சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டது. ஆறு மாதம் கழித்துத்தான் திரும்ப வந்தது.

அப்புறம் இந்த நிறுவன பக்தி. மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸில் மட்டும்தான் கிடைக்கும் என்று சண்டை போட்ட சீ ஆஃப் தீவ்ஸ் 2024-லும், ஃபோர்ஸா ஹொரைசன் 5 2025-லும் பிஎஸ்5-க்கு வந்துவிட்டன. சோனி பக்கமும் ஒழுங்கு இல்லை. 2024 மே மாதம், ஹெல்டைவர்ஸ் 2-ஐ ஸ்டீமில் வாங்கியவர்களும் பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்றது சோனி. பிஎஸ்என் சேவையே இல்லாத நாடுகள் நூற்றுக்கு மேல், இலங்கை உட்பட. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் பின்வாங்கினார்கள், ஆனால் அந்த நாடுகளில் நிறுத்திய விற்பனை உடனே திரும்பவில்லை. காசு கொடுத்தவனையே வெளியே நிறுத்தும் நிறுவனத்துக்காக நாம் ஏன் தொண்டை கிழியக் கத்த வேண்டும்?

போன வாரம் தம்பி ஒரு மானிட்டர் பெட்டியின் படத்தை அனுப்பினான். பெரிய எழுத்தில் எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் தூக்கலாகக் காட்டும் வசதி. "அண்ணா, எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கும்னுதானே இதுக்கு அர்த்தம்? எத்தனை நிட்ஸ்னு கேட்டேன், 250ங்கிறாங்க" என்று கீழே எழுதியிருந்தான். நிட்ஸ் என்பது திரையின் வெளிச்ச அளவு; 250 சாதா மானிட்டர் வெளிச்சம்தான், எச்டிஆருக்குப் போதாது. வேண்டாம் என்று பதில் அடிப்பதற்குள், கடையை விட்டு வெளியே வந்துவிட்டதாக அடுத்த மெசேஜ்.