பாப்பாவுக்கு வைக்க ரெண்டு பேர் புடிச்சிருக்கா? எதை வைக்கறதுன்னு முடிவு பண்றது எப்படி

எங்க பாப்பா பொறந்து 38 நாள் வரைக்கும் பேர் இல்லாமத்தான் இருந்தா. ஆஸ்பத்திரில கையில கட்டுன பட்டையில 'பேபி ஆஃப்'னு போட்டு எம் பேரை எழுதியிருந்தாங்க, தடுப்பூசி அட்டையிலயும் அதேதான். பேர் கிடைக்காம இல்லைங்க. ரெண்டு பேர் கிடைச்சு ரெண்டையும் விட மனசு வரல, அதான். ஒண்ணு யாழினி, இன்னொண்ணு ஆதிரை. எனக்கு ஆதிரை, எங்க வீட்டுக்காரருக்கு யாழினி, மறுநாள் காலையில எந்திரிச்சா அப்படியே மாறியிருக்கும். அந்த 38 நாள்ல என்னென்ன பண்ணிப் பாத்தோம், எது உதவுச்சு, எது உதவலன்னு எழுதுறேன், இதே நிலைமைல இருக்கவங்களுக்குப் பயன்படும்.

மொதல்ல அவசரப்படாதீங்க. பொறப்பை 21 நாளைக்குள்ள பதிவு பண்ணணும், அது சரிதான், ஆனா அதுல பேர் இருந்தே ஆகணும்னு இல்லை. பேர் இல்லாமலே பதிவு பண்ணிட்டு 12 மாசத்துக்குள்ள எப்ப வேணா காசு கட்டாம பேரைச் சேத்துக்கலாம், அதுக்கு மேல போனா தாமதக் கட்டணம் கட்டணும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரில ஃபாரத்தை நீட்டி பேர் சொல்லுங்கம்மான்னு கேக்கறப்ப, தூக்கம் இல்லாம வலியோட இருக்கற நேரத்துல, வாய்க்கு வந்ததைச் சொல்லிடாதீங்க. நம்ம ஊர்ல பொறக்கறதுக்கு முன்னாடி பையனா பொண்ணான்னு சொல்றதே 1994 சட்டப்படி குத்தம், அதனால எல்லாருமே ரெண்டு பக்கமும் லிஸ்ட் வெச்சிருப்போம், பொறந்த அன்னிக்குத்தான் பாதி லிஸ்ட் கழியுது. மீதி பாதில யோசிக்க கொஞ்ச நாள் எடுத்துக்கறதுல தப்பே இல்லை.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பேப்பர்ல எழுதி வெச்சுப் பாத்தா ரெண்டு பேரும் அழகாத்தான் இருக்கும், எத்தனை நாள் பாத்தாலும் முடிவு வராது. கூப்பிட்டுப் பாருங்க. மூணு நாள் முழுக்க ஒரே பேர், அடுத்த மூணு நாள் இன்னொரு பேர், வீட்ல எல்லாரும் அப்படியே கூப்பிடணும்னு சொல்லிடுங்க. கொஞ்சறப்ப எந்தப் பேரும் இனிக்கும், அதை நம்பாதீங்க. ராத்திரி மூணு மணிக்கு அழுகை நிக்காதப்ப வாயில என்ன வருது, எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்ட வர்ற ஆயா எப்படிக் கூப்பிடுது, நாளைக்கு அவ தெருவுல விளையாடறப்ப வாசல்ல நின்னு கூப்பிட்டா எப்படிக் கேக்கும், கோவத்துல அதட்டுனா எப்படி இருக்கும், இதையெல்லாம் பாக்கணும். நான் நெஜமாவே எங்க வீட்டுக் கொல்லைல கிணத்தடிக்குப் போய் நின்னுக்கிட்டேன், எங்க மாமியாரை வாசத்திண்ணைல நிக்க வெச்சு ரெண்டு பேரையும் சத்தமா கூப்பிடச் சொன்னேன். ஆதிரைன்னு கூப்பிட்டது என் காதுல வந்து சேர்றப்ப 'ஆதிரேய்'னு விழுந்துச்சு, கடைசி எழுத்து நழுவிப் போச்சு. யாழினி அப்படி இல்லை, 'னி'ன்னு முடியறதால எவ்வளவு வேணா இழுக்கலாம், அந்த ஈகாரம் வீட்டைத் தாண்டி வந்துச்சு. எனக்குள்ள மொதல்ல தராசு சாஞ்சது அங்கதான்.

சுருக்கறதையும் சேத்துப் பாத்துக்கங்க. நீங்க எவ்வளவு ஆசையா நாலெழுத்துப் பேர் வெச்சாலும் ஒரு மாசத்துல அதை ரெண்டு மூணு எழுத்தா ஆக்கிடுவாங்க. ஆதிரை ஆதி ஆயிடுவா, ஆதின்னு பையன்களும் நிறைய பேர் இருக்காங்க. மகிழினின்னா மகி, கயல்விழின்னா கயல். சுருங்குன பேரும் உங்களுக்குப் புடிச்சிருக்கான்னு கேட்டுக்கங்க, ஏன்னா அவ வாழ்க்கைல முக்கால்வாசி நேரம் அந்தப் பேர்லதான் இருக்கப் போறா.

அடுத்து ழகரம். இதுல எனக்கு சொந்தக் காயம் இருக்கு. எம் பேர் 'மொழி'ன்னு முடியும். பத்தாவது மார்க் ஷீட்ல இசட் எச் போட்டிருக்கு, ரேஷன் கார்டுல எல் போட்டிருக்கு, பேங்க்ல வேற மாதிரி. வேலைக்குச் சேர்றப்ப ரெண்டும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்க நோட்டரி கையெழுத்து வாங்கி அலைஞ்சேன். வடக்க இருந்து ஃபோன் பண்றவங்க யாரும் இன்னிக்கு வரைக்கும் எம் பேரைச் சரியா சொன்னதில்லை, 'மோஸி'ன்னுதான் வரும். அதனால எம் பொண்ணுக்கு இந்தத் தொல்லையே வேணாம், ஆதிரைதான்னு பிடிவாதமா இருந்தேன். எங்க வீட்லயும் பாதிப் பேருக்கு ழ வராது, திருச்சிப் பக்கம் நம்ம பேச்சுல ழவும் ளவும் ஒண்ணாத்தானே வருது, மாமியார் கூப்பிட்டா 'யாளினி'தான். ஆனா யோசிச்சுப் பாத்தா ழ வராதுங்கறதுக்காக ழ உள்ள பேரையே ஒதுக்குனா அப்புறம் அந்த எழுத்தை எந்தக் குழந்தைதான் பழகும்? தன் பேர்லயே ழ இருக்கற குழந்தை அதை ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்லும். அப்பாயி 'யாளினி'ன்னு சொல்லட்டுமே, அதுல இருக்கற பாசம் குறையவா போகுது.

இன்னொன்னு, ஆதிரைல தொல்லை இல்லைன்னு நான் நெனச்சதும் தப்பு. இங்கிலீஷ்ல எழுதிப் பாத்தாத்தான் தெரியுது. தொடக்கத்துல ஒரு ஏ-வா ரெண்டு ஏ-வா, தி-க்கு டீக்கு வர்ற டி-யா இல்ல டாக்டருக்கு வர்ற டி-யா, அதுக்கே நாலு விதம் ஆயிடுச்சு. யாழினிக்கும் இசட் எச்சா எல்லான்னு குழப்பம் உண்டு. ஆக எந்தப் பேர் வெச்சாலும் எழுத்துக் கூட்டறதை மொதல் நாளே முடிவு பண்ணி, ஒரு பேப்பர்ல பெருசா எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருங்க, யார் ஃபாரம் நிரப்புனாலும் அதைப் பாத்துதான் எழுதணும். நியூமராலஜி பாக்கற வீடா இருந்தா அதையும் இப்பவே பாத்து முடிச்சிருங்க, சர்டிபிகேட் வாங்குன பிறகு ஒரு ஏ சேக்கறது ஒரு ஹெச் சேக்கறதுன்னு ஆரம்பிச்சா கெஜட் வரைக்கும் போகணும்.

இனிஷியலோட சேத்தும் சொல்லிப் பாருங்க, இதை நிறைய பேர் மறந்துடறாங்க. ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப இனிஷியல் இல்லாம யாரும் கூப்பிட மாட்டாங்க. எங்களுக்கு கே. வேகமா 'கே ஆதிரை'ன்னு சொன்னா நடுவுல ஒரு ய வந்து 'கேயாதிரை'ன்னு ஆயிடுது. ஆ, இ, உன்னு உயிரெழுத்துல ஆரம்பிக்கற பேருக்கெல்லாம் இந்த ஒட்டு வரும். உங்க இனிஷியலை வெச்சு பத்துத் தடவ வேகமா சொல்லிப் பாத்தாலே தெரிஞ்சிரும்.

நம்மகிட்ட குடும்பப் பேர்னு ஒண்ணு இல்லாததால பாஸ்போர்ட்டையும் இப்பவே யோசிச்சுக்கறது நல்லது. ஒத்தப் பேர் மட்டும் இருந்தா அமெரிக்க விசால பேர் இருக்க வேண்டிய எடத்துல எஃப் என் யூன்னு அடிச்சுக் குடுத்துடறாங்க, பேர் தெரியாதவர்னு அர்த்தம். அவ்வளவு ஆசையா தேடி வெச்ச பேர் அங்க வேற கட்டத்துக்குப் போயிடும். அதனால அப்பா பேரையோ அம்மா பேரையோ ரெண்டாவதா முழுசா சேக்கறதுன்னா அதோட சேத்தும் சொல்லிப் பாருங்க.

பெரியவங்க விஷயம் கொஞ்சம் பொறுமையா பண்ணணும். எங்க பாப்பா சுவாதி நட்சத்திரம், அதுக்கு ரு, ரே, ரோ, தா இந்த எழுத்துலதான் வைக்கணும்னு மாமனார் சொன்னார், நாங்க பாத்து வெச்ச ரெண்டு பேருமே அதுல வரல. இதுக்கு சண்டை போடாதீங்க. தமிழ்ச் சொல் ரகரத்துல ஆரம்பிக்காதுன்னு தொல்காப்பியத்துலயே இருக்கு, அதனால நல்ல தமிழ்ப் பேரும் வேணும் ரு, ரேன்னும் வேணும்னா ரொம்பக் கஷ்டம். தாவுல தாமரை இருக்கேன்னு அவர் கேட்டார், நியாயமான கேள்வி. நாங்க என்ன பண்ணோம்னா, பேர் வைக்கற அன்னிக்கு காதுல மூணு தடவ சொல்ற பேரா தாமரையை வெச்சோம், தாம்பாளத்துல பரப்புன அரிசில எழுதுன பேர் கூப்பிடற பேர். அவருக்கும் நிம்மதி, எங்களுக்கும்.

மாமியார் பேரை வைக்கற வழக்கம் இருக்கற வீட்ல இன்னொரு சிக்கல், மருமக அந்தப் பேரை வாய் விட்டுச் சொல்ல மாட்டா. எங்க அம்மாவுக்கு அப்படித்தான் அவங்க அப்பாயி பேர், எங்க அம்மாச்சி கடைசி வரைக்கும் 'பாப்பா'ன்னுதான் கூப்பிட்டாங்க, பெத்த தாய் வாயால தன் பேரை ஒரு தடவ கூட கேக்கலன்னு அம்மா இன்னிக்கும் சொல்வாங்க. ரெண்டு பேர்ல ஒண்ணு அப்படிப்பட்ட பேரா இருந்தா, தாய் மனசு விட்டுக் கூப்பிடற பேரையே வைங்க.

அர்த்தம் பாக்கணுமான்னா பாக்கணும், ஆனா அகராதி அர்த்தம் பத்தாது, கொஞ்சம் பெருசானதும் ஏம்மா எனக்கு இந்தப் பேர் வெச்சேன்னு கேப்பா இல்ல, அப்ப சொல்ல ஒரு கதை வேணும். இந்த விஷயத்துல ஆதிரை பக்கம்தான் கனம். மணிமேகலைல அமுதசுரபிக்கு மொதப் பிச்சை போட்டது ஆதிரைதான், நெருப்பு கூட அவளைச் சுடலன்னு வரும், மார்கழித் திருவாதிரைக்குக் களி கிண்டறப்பெல்லாம் சொல்லலாம். ஆனா அவ புருஷன் சாதுவன் அவளை விட்டுட்டுப் போய், அவன் கடல்ல செத்துட்டான்னு கேள்விப்பட்டுத்தான் அவ தீயில எறங்குனா, அந்தக் கதையை ஆறு வயசுப் புள்ளைக்கு எப்படிச் சொல்றதுன்னு எனக்கு ஒரு தயக்கம் இருந்துச்சு. யாழுக்கு அப்படி சோகம் ஒண்ணும் இல்லை. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7, படம் வரைஞ்சு காட்டி எண்ணச் சொன்னா குழந்தைக்கு ஒரு சாயங்காலம் போயிடும்.

இப்ப எல்லாரும் வைக்கறாங்களேன்னு சிலர் தயங்குவாங்க. யாழினி, இனியா, மகிழினி எல்லாம் நிறைய கேக்குது உண்மைதான். அதுக்காக புடிச்ச பேரை விட வேண்டாம், கிளாஸ்ல இன்னொரு யாழினி இருந்தா இனிஷியல் இருக்கு.

எங்க முடிவு எப்படி வந்துச்சுன்னா, 36-வது நாள், ஆதிரைன்னு கூப்பிட வேண்டிய முறை அன்னிக்கு. பாப்பாவுக்குக் காய்ச்சல், நெஞ்சுல போட்டுத் தட்டிக்கிட்டே இருந்தேன், விடிகாலைல காய்ச்சல் எறங்குனதும் என் வாயில வந்தது 'யாழி, யாழி'தான். எங்க வீட்டுக்காரர் கதவுகிட்ட நின்னு கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாள் கழிச்சு அரிசில எழுதிட்டோம். ஆதிரை அப்படியே போயிடல, அவர் மட்டும் இன்னும் அப்படித்தான் கூப்பிடறார், அவளும் ரெண்டுக்கும் திரும்பறா. ஆனா ரெண்டையும் ஒட்டி சர்டிபிகேட்ல போட்டுடலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, ஒரு எடத்துல முழுசா, ஒரு எடத்துல பாதியா எழுதி நான் பட்ட பாட்டை அவளும் பட வேண்டி வரும்.

கடைசியா, 2023 அக்டோபர் 1-லயோ அதுக்கப்புறமோ பொறந்த குழந்தைக்கு ஸ்கூல், பாஸ்போர்ட், ஆதார் எல்லாத்துலயும் பொறந்த தேதிக்கு பொறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதனால பேர் சேக்கப் போறப்ப ஃப்ரிட்ஜ்ல ஒட்டுன அந்தப் பேப்பரைக் கையோட எடுத்துட்டுப் போங்க. அவங்க கம்ப்யூட்டர்ல அடிச்ச பிறகு ஸ்க்ரீனைக் காட்டச் சொல்லி, தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஒவ்வொரு எழுத்தா விரல் வெச்சுப் படிங்க, இனிஷியல் எந்தப் பக்கம் இருக்குன்னும் பாருங்க, அப்புறம் கையெழுத்துப் போடுங்க.