சேவையை வெளிநாட்டுக்கு விற்கும்போது: வட்டார ஒப்பந்தமா, இருதரப்பு ஒப்பந்தமா என்று பார்க்கும் முறை

நான் ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றை நடத்துகிறேன். மொத்தம் எட்டுப் பேர். தூண் எவ்வளவு தடிமன், விட்டத்துக்குள் எத்தனை கம்பி என்று கணக்குப் போட்டு வரைபடம் தருவதுதான் தொழில். அதில் பெரும்பகுதி எல்லை தாண்டிப் போகிறது. வர்த்தக ஒப்பந்தங்களை நானே உட்கார்ந்து படிக்கப் பழகிக்கொண்டது ஓர் அடி வாங்கிய பிறகுதான்.

பல நாடுகள் சேர்ந்து போட்ட வட்டார ஒப்பந்தம் ஒன்று நடைமுறைக்கு வந்திருந்த நேரம். பொறியியல் சேவை திறந்தாகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அதை நம்பி உறுப்பு நாடு ஒன்றில் ஒரு வேலையை ஒப்புக்கொண்டோம். வரைபடம் எங்கள் அலுவலகத்திலிருந்து போகும், பிறகு எங்கள் பொறியாளர்கள் இருவர் மூன்று மாதம் தளத்தில் மேற்பார்வை பார்ப்பார்கள் என்பது பேச்சு. வரைபடம் சிக்கலில்லாமல் போய்ச் சேர்ந்தது. ஆட்கள் போக முடியவில்லை. அந்த ஊர்ப் பொறியாளர்களை எங்கள் செலவில் அமர்த்தி வேலையை முடித்துக் கொடுத்தோம். கையில் எதுவும் மிஞ்சவில்லை. பிறகு ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால், எங்களுக்கு வழி இல்லை என்று அதிலேயே தெளிவாக எழுதியிருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

அதனால் என் முதல் யோசனை: வட்டாரமா, இருதரப்பா என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். உங்கள் சேவை எந்த வழியில் எல்லையைக் கடக்கிறது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

நான்கு வழிகள்

1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்போடு சேர்ந்து நடைமுறைக்கு வந்த காட்ஸ் (GATS, சேவை வர்த்தகத்துக்கான பொது ஒப்பந்தம்), சேவை வர்த்தகத்தை நான்கு வழிகளாகப் பிரித்தது. பிறகு வந்த பெரும்பாலான ஒப்பந்தங்களுக்கு அடியில் இந்தப் பிரிவுதான் இருக்கிறது. சேவை மட்டும் எல்லை தாண்டுவது மோட் 1. நான் மின்னஞ்சலில் அனுப்பும் வரைபடம் இந்த வகை. வாடிக்கையாளர் நம் நாட்டுக்கு வந்து சேவை பெறுவது மோட் 2. நாம் அங்கே அலுவலகம் திறப்பது மோட் 3. நம் ஆட்கள் தற்காலிகமாக அங்கே போய் வேலை செய்வது மோட் 4.

ஒரே வேலையில் இரண்டு மூன்று வழிகள் கலந்திருக்கும். என்னுடையதில் 1-உம் 4-உம் இருந்தன. ஒப்பந்தம் 1-ஐத் திறந்திருந்தது, 4-ஐத் திறக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. உங்கள் வேலையை இப்படித் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு பணம் வருகிறது என்றும் பக்கத்தில் குறித்துவையுங்கள். எந்த வழி அடைபட்டால் வேலையே நின்றுபோகும் என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

பட்டியலைப் படிப்பது

ஒப்பந்தத்தின் முதன்மை அத்தியாயங்கள் எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை, கேட்கவும் இனிமையானவை. விஷயம் பின்னிணைப்பில், ஒவ்வொரு நாடும் தனித்தனியாகக் கொடுத்திருக்கும் பட்டியலில் இருக்கிறது. வட்டார ஒப்பந்தம் என்றதும் ஒரே பெரிய கதவு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சேவையில் அப்படி இல்லை. 15 நாடுகள் கையெழுத்திட்டிருந்தால் 15 கதவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு.

பட்டியலில் இரண்டு வகை உண்டு. நேர்மறைப் பட்டியலில், எழுதப்பட்ட துறைக்கு மட்டும்தான் உறுதி. பெயர் இல்லாவிட்டால் உங்களுக்கு ஒன்றுமில்லை. எதிர்மறைப் பட்டியலில், விலக்கு என்று எழுதப்படாத எல்லாமே திறந்தது. பசிபிக் கரை நாடுகள் தொடங்கிய சி.பி.டி.பி.பி. (CPTPP) என்ற வட்டார ஒப்பந்தத்தின் சேவை அத்தியாயம் எல்லா நாடுகளுக்கும் எதிர்மறைப் பட்டியல் முறையில் போகிறது. ஆசிய-பசிபிக் நாடுகள் 15 சேர்ந்து போட்டு 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் ஆர்.சி.இ.பி. (RCEP) கலவை: ஜப்பான், தென்கொரியா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, புரூனே ஆகிய ஏழும் எதிர்மறை, மீதி எட்டு நாடுகள் நேர்மறை. ஒரே ஒப்பந்தத்துக்குள் நாட்டுக்கு நாடு படிக்கும் முறையே மாறுகிறது.

நேர்மறைப் பட்டியலில் இரண்டு சொற்களை முதலிலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். 'நன்' (None) என்று போட்டிருந்தால் கட்டுப்பாடு ஏதுமில்லை, அதாவது நல்ல செய்தி. 'அன்பவுண்ட்' (Unbound) என்று போட்டிருந்தால் அந்த நாடு எந்த உறுதியும் தரவில்லை என்று பொருள். பழக்கமில்லாதவர்கள் இரண்டையும் தலைகீழாகப் புரிந்துகொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம், துறைவாரிப் பகுதிக்கு முன்னால் எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும் பொதுப் பகுதி ஒன்று இருக்கும். நான் புரட்டாத பக்கம் இதுதான். பொறியியல் வரிசையில் மோட் 4-க்கு நேராக 'பொதுப் பகுதியில் சொன்னது தவிர அன்பவுண்ட்' என்று இருந்தது. பொதுப் பகுதியில் இரண்டு வகை ஆட்களுக்குத்தான் இடம்: அங்கே கிளை வைத்திருக்கும் நிறுவனம் தன் சொந்த ஊழியரை மாற்றி அனுப்புவது, பேச்சுவார்த்தைக்காக வந்துபோகும் வணிகப் பயணி. கிளை இல்லாமல் ஒப்பந்தத்தின் பேரில் ஆள் அனுப்பும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வரியும் இல்லை. சிறு நிறுவனங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான். எந்த ஒப்பந்தத்தை எடுத்தாலும் இதை முதலில் தேடுங்கள்.

எதிர்மறைப் பட்டியல் என்றால் இரண்டாம் பின்னிணைப்பிலிருந்து தொடங்குங்கள். முதல் பின்னிணைப்பு இன்று இருக்கும் கட்டுப்பாடுகளைச் சொல்கிறது. பொதுவாக அவற்றை இனி இறுக்க முடியாது. இரண்டாவதில் இருக்கும் துறைகளில் நாளை எந்தப் புதுத் தடையையும் கொண்டுவர அந்த நாடு உரிமை வைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் துறை அங்கே இருந்தால் இன்றைய திறப்பை நம்பி முதலீடு போட வேண்டாம்.

உங்கள் சேவையின் வகைப்பாட்டு எண்ணையும் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியல்கள் பல ஐ.நா.வின் பழைய சி.பி.சி. எண்களில் பேசுகின்றன. கட்டடக் கலை 8671, பொறியியல் 8672. ஒரு நாடு முதலாவதைத் திறந்து இரண்டாவதை விட்டுவிட்டிருக்கலாம்.

இப்போது அந்தக் கேள்வி

இத்தனையும் பார்த்த பிறகு வட்டாரமா, இருதரப்பா என்று கேட்டால் பதில் ஓரளவு தானாகவே வரும். மூன்று நான்கு நாடுகளில் ஒரே சேவையை, முக்கியமாக இணையம் வழியாக, விற்பவர்களுக்கு வட்டார ஒப்பந்தம் வசதி. சொற்களுக்கு ஒரே பொருள், ஒரே விதித் தொகுதி. ஒருமுறை படித்தால் பல இடங்களில் உதவும். எட்டுப் பேர் நிறுவனத்துக்குப் படிக்கும் நேரமே பெரிய செலவு. சி.பி.டி.பி.பி.யைப் போல, சேவை தருவதற்கு அங்கே அலுவலகம் வைத்தே ஆக வேண்டும் என்று கேட்பதைத் தடுக்கும் விதி இருந்தால், மோட் 1 ஆட்களுக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் விதி இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். மீறினால் வழக்குக்குப் போக முடியுமா என்றும் பாருங்கள். தரவு எல்லை தாண்டுவதைப் பற்றி ஆர்.சி.இ.பி.யிலும் விதி உண்டு. ஆனால் அந்த மின்வணிக அத்தியாயம் முழுவதும் ஒப்பந்தத்தின் தகராறு தீர்க்கும் முறைக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது.

ஆட்கள் போக வேண்டும், உரிமம் வேண்டும் என்றால் என் அனுபவத்தில் இருதரப்பு ஒப்பந்தத்தில்தான் அதிகம் கிடைக்கிறது. இரண்டு நாடுகள் உட்கார்ந்தால் எந்தத் தொழிலுக்கு, எத்தனை மாதம், எந்தப் பட்டம் என்று பேச நேரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1998 முதல் நடத்திவரும் பரஸ்பர அங்கீகார ஏற்பாட்டில், ஒரு நாட்டில் பதிவு பெற்றவர் அதே தொழிலுக்கு மற்ற நாட்டிலும் பதிவு கேட்கலாம். மருத்துவர்கள் மட்டும் விலக்கு. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் 2005-ஆம் ஆண்டுப் பொறியாளர் அங்கீகார ஏற்பாட்டிலோ, வெளிநாட்டுப் பொறியாளர் உள்ளூர்ப் பொறியாளரோடு சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும். பல நாடுகளின் சங்கங்களை ஒரே தாளில் கையெழுத்திட வைக்க இந்த அளவு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இதற்கு எதிர் உதாரணமும் உண்டு. 1994 முதல் 2020 வரை நடப்பில் இருந்த நாஃப்டா, அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளின் வட்டார ஒப்பந்தம். பொறியாளர் உட்படக் குறிப்பிட்ட தொழில்காரர்கள் தற்காலிகமாகப் போய்வரத் தனிப் பட்டியலே வைத்தது. ஒப்பந்தத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயமும் பெரும்பாலும் இல்லை. சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையில் மட்டும் பாருங்கள்: காட்ஸ், 2003-இன் இருதரப்பு ஒப்பந்தம், ஆசியானோடு ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் போட்டது, சி.பி.டி.பி.பி., ஆர்.சி.இ.பி. என்று ஐந்து ஒரே நேரத்தில் நடப்பில் இருக்கின்றன. சரக்கு என்றால் எந்த ஒப்பந்தத்தின் சலுகை வேண்டும் என்று பிறப்பிடச் சான்றிதழோடு கேட்க வேண்டும். சேவைக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. ஐந்தில் எந்த வரி உங்களுக்கு அதிகம் தருகிறதோ அதைக் காட்டிப் பேசலாம். ஒரு அட்டவணை போட்டு ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எனக்கு இது இரண்டு நாள் வேலை, அதற்கு மேல் ஆகவில்லை.

உங்கள் நாடு உறுப்பாக இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. காட்ஸின் 5-ஆம் விதிப்படி, உறுப்பு நாடு ஒன்றின் சட்டப்படி அமைக்கப்பட்டு அங்கே உண்மையாகவே தொழில் நடத்தும் நிறுவனத்துக்குச் சலுகை போய்ச் சேர வேண்டும், அதன் சொந்தக்காரர் மூன்றாம் நாட்டுக்காரராக இருந்தாலும். வளரும் நாடுகள் தங்களுக்குள் மட்டும் போட்ட ஒப்பந்தங்களில் இதற்கு விலக்கு உண்டு. வெறும் தபால் பெட்டி முகவரி எங்கும் செல்லாது. ஊழியர், கணக்கு, வாடிக்கையாளர் எல்லாம் இருக்க வேண்டும். வட்டார ஒப்பந்தத்தில் இதன் பயன் பெரிது, ஏனென்றால் ஓரிடத்தில் கால் ஊன்றினால் மற்ற நாடுகளின் பட்டியல்களும் உங்களுக்குப் பொருந்தும்.

அரசிடம் சொல்வதும், கேட்பதும்

புதுப் பேச்சுவார்த்தை தொடங்கும்போது பல அரசுகள் தொழில் செய்பவர்களிடம் கருத்துக் கேட்கின்றன. பெரிய நிறுவனங்கள் மட்டுமே எழுதுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. எழுதும்போது 'சந்தையைத் திறக்க வேண்டும்' என்று எழுதினால் யாருக்கும் பயன் இல்லை. எந்த நாடு, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த மோட், அதனால் எந்த வேலை போனது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். இருதரப்புப் பேச்சில் இப்படி ஒரே நிறுவனத்தின் சிக்கலைக்கூட அதிகாரி மேசைக்குக் கொண்டுபோக முடியும். வட்டாரப் பேச்சுக்குத் தனிக் குரல் போதாது. தொழில் சங்கத்தோடு சேர்ந்து எழுதுங்கள்.

கடைசியாக, கையெழுத்துப் போடும் முன் அந்த நாட்டையே கேட்டுவிடுங்கள். உலக வர்த்தக அமைப்பின் ஒவ்வோர் உறுப்பு நாடும் சேவை பற்றிய விவரம் தர விசாரணை மையம் வைத்திருக்க வேண்டும் என்று காட்ஸ் சொல்கிறது. அது மற்ற உறுப்பு நாடுகளுக்கான ஏற்பாடு. அதனால் உங்கள் நாட்டு வர்த்தக அமைச்சகம் வழியாகக் கேட்பது நல்லது. 'எங்கள் வரைபடத்தில் கையெழுத்திட உள்ளூர்ப் பதிவு வேண்டுமா, அந்தப் பதிவுக்கு அங்கே குடியிருக்க வேண்டுமா' என்பது போல ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்.

வந்த பதிலைத் தேதியோடு கோப்பில் வையுங்கள். பட்டியல்கள் மாறும். ஆர்.சி.இ.பி.யில் நேர்மறைப் பட்டியல் கொடுத்த நாடுகள் ஆறு ஆண்டுக்குள், அதாவது 2028 தொடக்கத்துக்குள், எதிர்மறைக்கு மாற வேண்டும். கம்போடியா, லாவோஸ், மியான்மர் மூன்றுக்கும் 15 ஆண்டு. என் அட்டவணையில் ஒவ்வொரு நாட்டின் பெயருக்குப் பக்கத்திலும் மறுபடி படிக்க வேண்டிய தேதியைக் குறித்திருக்கிறேன்.